வார்டு கவுன்சிலரால் தெருவுக்கு பஸ் கொண்டுவர முடியுமா?

கேள்வி: நாகர்கோவில் மாநகராட்சிக்குள், மெயின் ரோட்டில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். வாரம் இரண்டு முறை அம்மாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். மெயின் ரோடு வரை ஆட்டோ, அப்புறம் வடசேரியில் இறங்கி வேறு பஸ். எங்கள் வார்டில் நிற்கப்போகிறவர், ஜெயித்த ஆறு மாதத்தில் சானல் கரை ரோடு வழியாக மினி பஸ் வரும், டவுணில் ஒருவழிப் பாதையை எடுத்துவிடுவேன், முக்கில் நிழற்குடை கட்டுவேன் என்கிறார். அவர் பெயரைச் சொல்லி ஒருவர் ‘பெர்மிட் செலவு’ என்று வீட்டுக்கு 500 ரூபாய் பிரிக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பஸ் கேட்டு மனு கொடுக்கப் பொதுமக்கள் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. பெர்மிட் கட்டணம் பஸ் ஓட்ட வருகிறவர் கட்டுவது, பயணிகள் கட்டுவது அல்ல.

மினி பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுப்பது மாநகராட்சி இல்லை. கலெக்டரைத் தலைவராகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம்தான். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர் போகலாம், அதில் பெரும்பகுதி பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். தடத்தை ஆர்.டி.ஓ. அலுவலகம் பார்த்து அறிவிக்க வேண்டும், ஓட்ட விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்க வேண்டும். இதில் எந்தப் படியிலும் கவுன்சிலரின் கையெழுத்து கிடையாது. 52 பேர் உட்காரும் மன்றத்தில் அவர் ஒருவர். தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான்.

ஒருவழிப் பாதையும் அப்படியே. அது காவல்துறையும் கலெக்டரும் முடிவு செய்வது.

நிழற்குடை அவரால் முடியும். ஆனால் நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வாங்காமல் கட்ட முடியாது. குடை கட்டிவிட்டால் பஸ் நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். அந்த இடம் போக்குவரத்துக் கழகத்தின் நிறுத்தப் பட்டியலில் ஏற வேண்டும். நின்று ஏற பஸ் இல்லாத நிழற்குடைகளை நம் மாவட்டத்தில் எத்தனை வேண்டுமானாலும் காட்டலாம்.

கவுன்சிலரால் உண்மையிலேயே ஆகக்கூடிய இன்னொரு காரியம் உண்டு, அது ரோடு. தடத்தைப் பார்க்க வரும் ஆர்.டி.ஓ. அலுவலகம், ரோடு சரியில்லை, பஸ் திரும்ப இடமில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், தடம் அதோடு முடிந்தது. அந்த ரோடு மாநகராட்சியுடையது என்றால் அதை அகலப்படுத்துவது, மூலையில் நிற்கும் மின்கம்பத்தை மாற்றச் சொல்லி மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வைப்பது எல்லாம் மன்றத்தின் வேலை. ஆனால் உங்கள் ரோடு சானல் கரையில் போகிறது என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். நம் ஊரில் அனந்தனார் சானல் போன்ற கால்வாய்களின் கரை பெரும்பாலும் நீர்வளத்துறைக்குச் சொந்தம். மேலே தார் போட்டது மாநகராட்சியாக இருக்கலாம், தெருவிளக்குக்கு வரி நீங்கள் கட்டலாம், ஆனாலும் கரை அவர்களுடையது. கலுங்கை, அதாவது சிறுபாலத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றாலும், கரையைப் பலப்படுத்தி பக்கச்சுவர் கட்ட வேண்டும் என்றாலும் அவர்கள் அனுமதி வேண்டும். பஸ்ஸின் எடையைக் கரை தாங்குமா என்று சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. எனவே வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வந்தால் மினி பஸ் பற்றிக் கேட்காதீர்கள். “அந்தக் கரை ரோடு எந்தத் துறையுடையது, பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் என்றால் வேலை செய்வார்.

தரகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 500 ரூபாய் பிரிக்கிறவர் அடுத்து வேலையில்லாத பிள்ளை இருக்கும் வீட்டைத் தேடுவார். “ரூட் எடுத்துத் தருகிறேன், மேலே ஆள் இருக்கிறது” என்று லட்சக்கணக்கில் கேட்பார். வேறொருவர் பெயரில் இருக்கும் பெர்மிட்டை முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பெர்மிட்டைக் கைமாற்றச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட பஸ் ஓட்ட முடியாது. நகையை அடகு வைத்து இப்படி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன். அறிவிக்கப்பட்ட தடத்துக்கு நேரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்தால் போதும்.

நீங்கள் இரண்டு மனு எழுதுங்கள். உங்களுக்கு மினி பஸ்ஸைவிட, மெயின் ரோட்டில் இருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு நேராக ஒரு டவுண் பஸ்தான் சீக்கிரம் கிடைக்கக்கூடியது. புது ரோடு தேவையில்லை, ஓடுகிற பஸ்ஸை நீட்டினால் போதும். சாதாரணக் கட்டண டவுண் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அந்த மனு ராணித்தோட்டத்தில் இருக்கும் போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகத்துக்கு. மினி பஸ் மனு கலெக்டருக்கு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில். டயாலிசிஸ் நாள், நேரம், தெருவில் எத்தனை வீடு என்பதை எழுதி, ரசீது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அந்தக் கூட்டம் நின்றுவிடும், அதற்குள் போய்விடுங்கள்.

பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மனு கலெக்டர் அலுவலகத்தில் இருந்து ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், அங்கிருந்து மாநகராட்சிக்கு, அங்கிருந்து நீர்வளத்துறைக்கு. ஒவ்வொரு மேசையும் “தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது” என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளும். சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலில் பஸ், ரோடு, நிறுத்தம் மூன்றுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க யாரும் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டு நான்கு அலுவலகம் ஏறச் சொல்வது கொடுமை, ஆனால் இப்போதைக்கு வேறு வழி இல்லை. இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், மனு எந்த மேசையில் இருக்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தெருவில் யாராவது ஏற்கெனவே 500 ரூபாய் கொடுத்திருந்தால் ரசீது கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், கொடுத்தவர்கள் சேர்ந்து ஒரே புகாராக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். நகலை அந்த வேட்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தன் பெயரில் வசூல் நடப்பது தெரியாது என்று பிறகு அவர் சொல்ல முடியாது.