சுடுநீர்க் குழாய்க்கு இளமஞ்சள் நிறம் இருந்தால் போதுமா?

கேள்வி (அக்கரைப்பற்று): சுடுநீருக்குப் போடும் சிபிவிசிக் குழாயும் பிவிசிதானே? பிறகு ஏன் இந்த விலை?

பதில்: அடிப்படை பிவிசிதான்; கூடுதலாகக் குளோரின் ஏற்றிய பிவிசிதான் சிபிவிசி. சாதாரண பிவிசியில் நிறைப்படி ஏறக்குறைய 57 வீதம் குளோரின் ஏற்கெனவே இருக்கிறது. பிவிசித் தூளுக்குக் குளோரின் வாயுவைக் கொடுத்து, புற ஊதா ஒளியோ வெப்பமோ பாய்ச்சினால் வாயு அணுக்களாகப் பிரிந்து, ஐதரசனைக் கழற்றி, அந்த இடங்களில் குளோரின் ஏறுகிறது. அளவு 63 முதல் 69 வீதம் வரை போகும். பருத்த குளோரின் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சூட்டிலும் இலகுவில் நெகிழாது. பிவிசிக் குழாய்க்கு 60 பாகை செல்சியஸ் எல்லை; சிபிவிசி 93 வரை தாங்கும். சூடு ஏற ஏற அழுத்தம் தாங்குவது குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வேலைக்குத்தான் காசு. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாது! இளமஞ்சள் நிறம் வெறும் சாயம், எந்தக் குழாய்க்கும் போடலாம். "மஞ்சள் என்றால் சுடுநீர்க் குழாய்" என்று கடையில் சொல்வதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். குழாயில் சிபிவிசி என்றும், தரக் குறியீடும், வெப்பநிலையும் அழுத்தமும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி (பொத்துவில்): விடுதிக் கூரைமேல் வெயிலில் சிபிவிசி போடலாமா?

பதில்: தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் பூசினால் போடலாம்.

கேள்வி (காத்தான்குடி): மிச்சமிருந்த பிவிசிப் பசையால் சிபிவிசியை ஒட்டினோம். ஒழுகுகிறது.

பதில்: ஒழுகாமல் என்ன செய்யும்? எந்தக் குழாய்க்கு என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது, வாசிக்க ஒரு நிமிடம் போதும். ஒட்டிய இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, சிபிவிசிக்கான பசையோடு புதுச் சொக்கட் போடுங்கள்.

கேள்வி (கல்லடி): சிபிவிசி என்று கேட்டுத்தான் வாங்கினேன். சோலார் ஹீட்டருக்குப் பூட்டி மூன்று வாரத்தில் வளைந்து தொங்குகிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார்.

பதில்: உங்களில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் இதுதான் நடந்தது. குசினிச் சுவரைப் பூசி மூடிய பிறகு குழாய் இளகி, சுவரையே உடைக்க வேண்டி வந்தது. பற்றுச்சீட்டு வாங்காததால் ஒரு சதமும் திரும்பவில்லை. உங்களிடம் சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. தொங்கும் குழாயில் அச்சுள்ள பக்கமாக ஓர் அடித் துண்டை வெட்டிப் பத்திரமாக வையுங்கள், பிளம்பர் எறிந்துவிடப் போகிறார்.