வலியில்லாத கண்ணை எப்போது அவசரமாகக் காட்ட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 56. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். 7 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நான்கு நாட்களாக வலது கண்ணில் கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள் தெரிகின்றன. இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் ஒளி வெட்டுகிறது. வலியோ சிவப்போ இல்லை. கண்ணாடிக் கடையில் சோதித்ததில் பவர் மாறவில்லை என்றார்கள். என் மனைவிக்கு ஒரு வாரமாகக் கண் சிவந்திருக்கிறது. எனக்கு முன்பு எழுதித் தந்த சொட்டு மருந்தில் மீதி இருந்ததை அவர் போட்டுக்கொள்கிறார். சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் கண்ணைப் பொறுத்தவரை காத்திருக்க வேண்டாம். இன்றே, முடியாவிட்டால் நாளைக்குள், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையின் ஓரம் வரை பார்க்கக்கூடிய கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணாடிக் கடையில் செய்த சோதனை எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டுமே சொல்லும். விழித்திரையின் ஓரத்தில் நடப்பதை அது காட்டாது.

கண்ணின் உட்பகுதியை விட்ரியஸ் என்ற பாகு போன்ற பொருள் நிரப்பியிருக்கிறது. வயது 50-ஐக் கடந்தபின் இது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையிலிருந்து மெல்ல விலகுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே நடக்கும். அதில் திரளும் இழைகளின் நிழல் விழித்திரையில் விழுவதையே புள்ளிகளாகக் காண்கிறீர்கள். விலகும்போது அது விழித்திரையைப் பிடித்து இழுத்தால், அந்த இழுப்பை மூளை ஒளியாகவே உணர்கிறது; ஏனெனில் விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. வலி இல்லை என்று நீங்கள் ஆறுதல் அடைவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. இமையில் சிறு கட்டி வந்தவர்கள் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடி வருவதையும், ஒளிவெட்டு வந்தவர்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதையும் கண் மருத்துவர்கள் அனைவருமே பார்த்திருப்பார்கள்.

பெரும்பாலோருக்கு இந்த விலகல் தீங்கின்றி முடிந்துவிடும். ஆனால், புதிதாகப் புள்ளிகளும் ஒளிவெட்டும் தோன்றி வருபவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கேனும் விழித்திரையில் கிழிசல் இருக்கக்கூடும். சுவரொட்டியின் கிழிந்த ஓரத்தில் மழைநீர் இறங்கி அதை உரிப்பதைப் போல, கிழிசலின் வழியே உள்நீர் புகுந்து விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பிரித்துவிடும். கிழிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் லேசர் கொண்டு அதன் சுற்றுப்புறத்தை ஒட்டவைத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பிரிந்த பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதுவும் பார்வையின் மையப் பகுதியான மாகுலா பிரிவதற்கு முன் செய்வதா பின் செய்வதா என்பதைப் பொறுத்தே மீளும் பார்வை அமையும். ஆகவே, புள்ளிகள் திடீரெனப் பெருமழையாகப் பெருகினாலோ, ஒரு பக்கத்திலிருந்து நிழல் திரையாகப் படர்ந்தாலோ, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒரு கண்ணில் பார்வை வலியின்றித் திடீரென மறைந்தாலும், மீண்டும் தெளிந்துவிட்டாலும்கூட, இதே விதிதான். அது இரத்தக் குழாய் அடைப்பாகவோ பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவோ இருக்கலாம்.

கண்மணியை விரித்தபின் சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கும், வெளிச்சம் கூசும். எனவே வாகனம் ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கிழிசல் இல்லை என்று சொன்னாலும் 4 முதல் 6 வாரங்களில் மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அதே பரிசோதனையில் சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் நோய் கண்டறியப்பட்ட உடனேயும் அதன்பின் ஆண்டுதோறும் இதைச் செய்துகொள்ள வேண்டும். இந்த 7 ஆண்டுகளில் ஒருமுறையும் செய்யவில்லை என்றால், புள்ளிகளே வந்திராவிட்டாலும் உங்களை அனுப்பியிருப்பேன். விழித்திரையில் இரத்தக் கசிவு ஓரளவு முற்றிய நிலையிலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியக்கூடும் என்பதால், பார்வையை நம்பி இருந்துவிட முடியாது. பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயான குளுக்கோமாவும் அத்தகையதே: பக்கப் பார்வையை ஓசையின்றி அரிக்கும், போனது திரும்பாது. பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்கேனும் அது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியின் நிலை வேறு. நீர் வடிதல், உறுத்தல், காலையில் பீளை ஒட்டுதல் இவற்றோடு பார்வை தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் வைரஸ் தொற்று; ஆன்டிபயாட்டிக் தேவையின்றி இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். கைகளைக் கழுவுவதும் துண்டு, தலையணை உறையைத் தனியே வைத்துக்கொள்வதும் போதும். கண் வெள்ளையில் இரத்தம் பரவியதுபோல் வலியற்ற சிவப்புத் திட்டு மட்டும் இருந்தால், பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இரண்டு வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் சிவப்போடு வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், மங்கல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், அவர் கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தாலும், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்ட வேண்டும். விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள், கடும் தலைவலி, வாந்தி வந்தால் அது கண் அழுத்தம் திடீரென உயர்ந்ததாக இருக்கலாம். வாந்தியை வைத்து வயிற்றுக் கோளாறு என்று எண்ணி, முக்கியமான மணிநேரங்களை இழப்பவர்கள் உண்டு.

அவர் போடும் மருந்தை உடனே நிறுத்தி, குப்பியைக் கண் மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, முதல் சில நாட்களில் சிவப்பைக் குறைத்து நோய் தீர்ந்ததுபோல் காட்டும். ஆனால் கருவிழியில் ஹெர்பெஸ் என்ற வைரஸின் தொற்று இருந்தால் அதை வேகமாகப் பரப்பிவிடும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர்கள் இருந்தால் இந்தப் பிரிவைச் சேர்ந்ததே. முன்பு நீங்கள் அதை நீண்ட நாள் போட்டிருந்தால் உங்கள் கண் அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு சொட்டு அதைச் சிலருக்கு உயர்த்தும்.