41 ஆயிரமா, 84 ஆயிரமா? கல்லூரிக்குப் போகும் மகளுக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: மகள் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். விடுதியில்தான் தங்கப் போகிறாள். கடையில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 41 ஆயிரம்: ஏஎம்டி ரைசன் 5 7520யு, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இன்னொன்று 84 ஆயிரம், கேமிங் லேப்டாப்: இன்டெல் ஐ5 12450ஹெச், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு. "நாலு வருஷம் ஓடணும்னா பெரியதை எடுங்க சார்" என்கிறார் கடைக்காரர். ஏ.ஐ. படிக்க கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். பெரியதை எடுத்தால் இஎம்ஐ போட வேண்டும். வீட்டில் 2019-இல் வாங்கிய ஐ5 எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்றும் கிடக்கிறது, ஆமை வேகம். என்ன செய்யலாம்? (திருச்சியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இரண்டையும் விடுங்கள். 84 ஆயிரம் உங்கள் மகள் படிக்கப் போகும் படிப்புக்கு அதிகம். 41 ஆயிரத்தில் பார்த்ததை மலிவு என்பதற்காக நான் தள்ளவில்லை. அந்த மாடலில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 50, 60 ஆயிரத்தில் தேடினால் பொருத்தமானது கிடைக்கும். தேடும்போது ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாங்கிய பிறகு எதை மாற்ற முடியாதோ, அதற்குத்தான் இப்போது காசு போட வேண்டும்.

7520யு என்பது அந்த லேப்டாப்பின் மூளையான சிப்பின் எண். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2023 மாடல்களிலிருந்து ஏஎம்டி ஒரு புது எண் முறையைக் கொண்டுவந்தது. முதல் இலக்கம் 7 என்றால் 2023-ஆம் ஆண்டு வரிசை. இரண்டாவது இலக்கம் ரகம். மூன்றாவதுதான் விஷயம்: சிப்பின் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை அது சொல்கிறது. 7520-இல் அந்த இடத்தில் 2 இருக்கிறது, அதாவது ஜென் 2. அது 2019-இல் வந்த வடிவமைப்பு. 7530யு என்று ஒன்று உண்டு. பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அது ஜென் 3. சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிக்குக் கோர் என்று பெயர். 7520யு-வில் நான்கு கோர், 7530யு-வில் ஆறு. இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருப்பது 'ரைசன் 5' என்ற அதே ஸ்டிக்கர்தான். கடையில் வேலை பார்ப்பவர்களிலேயே பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதைவிடப் பெரிய குறை ராம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். 7520யு சிப்போடு வரும் ராம் எல்லாமே மதர்போர்டில் பற்றவைத்துத்தான் வரும். 8 ஜிபி வாங்கினால் நான்கு வருடமும் 8 ஜிபிதான், கூட்டவே முடியாது. இது ஏஎம்டிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை, இன்டெல் சிப் போட்ட மெல்லிய லேப்டாப்களிலும் நிறைய உண்டு. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ லேப்டாப்பில் நீங்களே சோதிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்று இருந்து, 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு ராம் போட இடம் காலியாக இருக்கிறது. சில மாடல்களில் ஒன்று பற்றவைத்தும் ஒன்று காலி ஸ்லாட்டாகவும் இருக்கும், அதுவும் பரவாயில்லை.

8 ஜிபி போதாதா? முதல் வருடத்துக்குப் போதும். பைத்தான், சி, ஜாவா எழுத அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. மூன்றாம் வருடத்தில் மொபைல் ஆப் செய்யலாம் என்று ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, எமுலேட்டரையும் (லேப்டாப்பிலேயே போன் போல ஓடும் மென்பொருள்) ஓடவிட்டு, பக்கத்தில் குரோமில் பத்து டேப் வைத்திருக்கும்போதுதான் மூச்சு முட்டும். எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. முன்பெல்லாம் "8 வாங்குங்கள், பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டது. அதனால் அதே மாடலின் 8 ஜிபி விலையையும் 16 ஜிபி விலையையும் ராம் தனியாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்போதே 16 கிடைத்தால் நல்லது. பட்ஜெட் இடித்தால் 8-ம் ஒரு காலி ஸ்லாட்டும்.

சரி, ஏ.ஐ. விஷயத்துக்கு வருவோம். சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஏ.ஐ. மாடல்களைப் பயிற்றுவிக்க கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ஆனால் அது உங்கள் மகளின் மேசையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கூகுள் கோலாப் என்று ஒரு சேவை இருக்கிறது. பிரௌசரில் திறந்து நிரல் எழுதினால் கூகுளின் கணினியில் ஓடும். அதில் இலவசமாகவே கிடைக்கும் டி4 என்ற கிராபிக்ஸ் கார்டில் 16 ஜிபி நினைவகம். நீங்கள் பார்த்த லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4050-இல் இருப்பது 6 ஜிபி. இலவசம் என்பதால் நேரக் கட்டுப்பாடு உண்டு, சில நேரம் கார்டு கிடைக்காமலும் போகும். என்றாலும் பாடத்துக்கும் மினி புராஜெக்ட்டுக்கும் அதுவே தாராளம். வேகத்தில் 4050 டி4-க்குக் குறைந்தது இல்லை, ஆனால் ஏ.ஐ. வேலையில் முதலில் தீர்ந்துபோவது நினைவகம்தான்.

இன்னொன்று, ஆர்டிஎக்ஸ் 4050 என்று போட்டிருந்தாலே எல்லாம் ஒன்றல்ல. அதே கார்டை ஒரு நிறுவனம் 50 வாட் அளவில் ஓடவிடும், இன்னொன்று 100 வாட்டுக்கு மேல் கொடுக்கும். வேகம் அதற்கேற்ப மாறும். கடைத் துண்டுச்சீட்டில் அந்த வாட் கணக்கு இருக்கவே இருக்காது.

விடுதியில் அதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவதையும் யோசியுங்கள். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜரின் கனம் தனி. சார்ஜரைக் கழற்றினால் கிராபிக்ஸ் கார்டின் வேகம் பாதியாகக்கூட விழும், அப்படியும் பேட்டரி சீக்கிரம் தீரும். வகுப்பில் சுவரோரம் ஒரு பிளக் இருக்கும், அதற்குப் பத்துப் பேர் போட்டி. ராத்திரி பதினொரு மணிக்கு விசிறி இரைய ஆரம்பித்தால் அறைத்தோழிகள் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கதை. சிப்பின் பெயர் 'ஹெச்' என்று முடிந்தால் வேகத்துக்காகச் செய்தது, 'யு' என்று முடிந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது. தினமும் பையில் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு நான் 'யு'வைத்தான் சொல்வேன்.

இதே கேள்வியை மெக்கானிக்கல், சிவில் சேரும் பிள்ளையின் அப்பா கேட்டிருந்தால் என் பதில் வேறு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் மாதிரி முப்பரிமாண மென்பொருள்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே கைகொடுக்கும். பிளெண்டர், அன்ரியல் என்று கேம் உருவாக்கும் பக்கம் போகிறவர்களுக்கும் அப்படித்தான். மகளுக்கு கேம் விளையாடும் ஆசை இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருந்தால் தப்பில்லை. 'படிப்புக்காக' என்று பேர் சொல்லி வாங்காமல், அதற்கென்று எவ்வளவு கூடப் போடலாம் என்று பேசி முடிவு செய்வது எல்லோருக்கும் நிம்மதி.

ஆக, எதைத் தேடுவது? 7-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் உள்ள ரைசன் என்றால் மூன்றாவது இலக்கம் 3 அல்லது 4 இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-ஓ அதற்குப் பிறகு வந்ததோ. கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. அது நிறைந்தாலும் பின்னால் பெரியது போடலாம், கவலை வேண்டாம்.

மாற்ற முடியாத இன்னொன்று திரை. அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கடையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூடியை முன்னும் பின்னும் சாயுங்கள். எழுத்து வெளிறி, நிறம் மாறினால் அது டிஎன் பேனல், வேண்டாம். ஐபிஎஸ் பேனலில் எந்தக் கோணத்திலும் அப்படியே தெரியும். பிறகு கீல். விலை குறைந்த லேப்டாப்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில்தான் நிற்கின்றன. மூடியின் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறந்து பழகினால், இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக் விரிந்து நட்டு பெயர்ந்துவிடும். அப்புறம் மூடியைத் திறக்கும்போதே அடிப்பக்கம் வாய் பிளக்கும். நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். கடையிலும் அப்படித் திறந்து, கீல் மேல் விரலை வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை வாரண்டி நீட்டிப்புக்குப் போடுங்கள். அதிலும் கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் ஈடு தரும் திட்டமாகப் பாருங்கள். சாதாரண வாரண்டியில் இவை இரண்டும் சேராது. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் செலவே இல்லை என்று நம்ப வேண்டாம். கார்டில் போடும்போது வட்டித் தொகைக்கான ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் பில்லில் வந்து நிற்கும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய லேப்டாப். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும், மெதுவாக ஓடுவதற்கு அதுதான் காரணம். அதைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் அதே லேப்டாப்பா இது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பட்டியலில் இருக்கிறது, எனவே எஸ்எஸ்டி போடும்போதே அதையும் ஏற்றச் சொல்லுங்கள். டச்பேட் மேலே புடைத்திருந்தாலோ, அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் விடுதிக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

இவ்வளவும் செய்தால் முதல் செமஸ்டரை அதிலேயே ஓட்டிவிடலாம். அதற்குள் துறையில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள், லேபில் என்ன இருக்கிறது என்பது மகளுக்கே தெரிந்துவிடும். புது லேப்டாப்பை அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள்.