அம்மா கேட்டதையே திரும்பக் கேட்கிறார்: வெறும் மறதிதானா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. ஓய்வு பெற்ற ஆசிரியை. சர்க்கரை நோய்க்காக 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானபோது எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை இன்றும் விடவில்லை. டி.வி.யைச் சத்தமாக வைத்துத்தான் கேட்கிறார். ஆறு மாதமாக மறதி கூடியிருக்கிறது. தெரிந்தவர் பெயர் சட்டென்று வருவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். சென்ற வாரம் ஒரே மாலையில், பேத்தியின் நிச்சயதார்த்தம் என்றைக்கு என்று நான்கு முறை கேட்டார். "வயசானா இப்படித்தான்" என்கிறார் அண்ணன். எனக்கு அல்சைமராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, விழுப்புரம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று மறதிகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுப்பதும், சற்று நேரம் கழித்தோ யாராவது எடுத்துக் கொடுத்தாலோ வந்துவிடுவதும் அறுபதைக் கடந்த பலருக்கும் உள்ளதுதான். நினைவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. பால் பொங்கி வழிவது பெரும்பாலும் கவனம் சிதறியதன் விளைவு. ஆனால் நிச்சயதார்த்தத் தேதியை நான்கு முறை கேட்டதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. தேதி மறந்துபோவது பெரிதல்ல. சற்று முன் தாமே கேட்டோம், பதிலும் பெற்றோம் என்பதே பதியாமல் போவதுதான் கவனிக்க வேண்டியது. புதிய செய்திகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியை அல்சைமர் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தாக்குவதால், இத்தகைய மறதி தொடர்ந்து நிகழ்ந்தால் பரிசோதனை அவசியம்.

அண்ணன் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் (அல்சைமர் அதில் பரவலாகக் காணப்படும் வகை) இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அன்றாட வேலையைக் குலைக்கும் அளவுக்கான மறதி முதுமையின் இயல்பு என்றால், அது இப்படிச் சிலருக்கு மட்டும் வராது.

எனவே தாயாரை மற்றவர்களோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய இயல்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல்லாண்டுகளாக வைத்துவந்த குழம்புக்குப் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாரா? பென்ஷன் கணக்கில் தடுமாறுகிறாரா? பழகிய தெருவில் வழி தவறுகிறாரா? வைத்த இடம் மறந்த நகையை வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறாரா? மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். வாங்கிய நாளையும் மீதியையும் வைத்துக் கணக்கிட்டால், மருந்தை விட்டுவிடுகிறாரா, இருமுறை விழுங்குகிறாரா என்பது புலப்பட்டுவிடும். இவற்றைத் தேதியோடு குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.

உங்கள் கடிதத்தில் அல்சைமரைவிட முதலில் என் கண்ணில் பட்டவை வேறு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். சைவ உணவு மட்டுமே உண்பவராகவோ, அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை போடுபவராகவோ இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைந்தால் மறதியும் வரும், கால் மரத்தும் போகும். பின்னதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டுப் பலரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். அல்பிரசோலாம், குளோனசிபாம் வகைத் தூக்க மாத்திரைகள் புதிய நினைவுகள் பதிவதையே தடுக்கக்கூடியவை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் சிந்தனையை மந்தமாக்கும். கணவரை இழந்த துயரம் மனச்சோர்வாக மாறியிருக்கலாம். முதியவர்களிடம் அது அழுகையாக வெளிப்படாமல், பேச்சும் பசியும் குறைந்து, எதிலும் நாட்டமின்றி இருப்பதாகவே பெரும்பாலும் தெரியும். காதும் முக்கியம்: சரியாகக் கேட்காத செய்தி நினைவில் நிற்காது. தைராய்டு குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவது ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவை அனைத்தும் கண்டுபிடித்தால் திருத்தக்கூடியவை.

மறதி ஆறு மாதமாக மெல்லக் கூடியது என்பதால், ஓரிரு வாரங்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். மாறாக, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழப்பம் ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று போன்ற நோய்த்தொற்றுகள்கூட முதியவர்களிடம் அப்படித்தான் வெளிப்படும். வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் சேர்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள். சில வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்; மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம்.

முதலில் உங்கள் பொது மருத்துவரிடமே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் நரம்பியல் மருத்துவரிடமோ, முதியோர் நல மருத்துவரிடமோ அனுப்புவார். சென்னை கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைகளோடு, 30 மதிப்பெண்ணுக்கான நினைவாற்றல் சோதனையும், தேவையானால் மூளை ஸ்கேனும் எடுப்பார்கள். நன்கு படித்தவர்கள் தொடக்க நிலையில் இச்சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவதுண்டு. ஆகவே மதிப்பெண் நன்றாக இருந்தும் வீட்டில் தடுமாற்றம் தொடர்ந்தால், ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை அல்சைமராகவே இருந்தாலும், டொனெபெசில் போன்ற மருந்துகள் நோயை நிறுத்தாவிட்டாலும் சிலருக்கு அறிகுறிகளைச் சில காலம் தணிக்கின்றன. சீக்கிரம் தெரிந்தால், வங்கி, சொத்து, சிகிச்சை பற்றிய முடிவுகளைத் தாயாரே தெளிவோடு எடுக்க முடியும். அந்த உரிமை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும் தாமதிக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டுத் தூக்க மாத்திரையை இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் கூடும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை, "இப்பதானே சொன்னேன்" என்று கடிந்துகொள்ளாமல், நிச்சயதார்த்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் பெரிய எழுத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.