ராக்கெட் தேட மூன்று எலிமெண்ட் யாகியே போதும்

பொழுதுபோக்காக விடும் ராக்கெட் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க, அதில் வைக்கும் சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரான 433 மெகாஹெர்ட்ஸ் டிராக்கர் வாங்கிவிட்டேன், தேடுவதற்கு ஏழு எலிமெண்ட் (குறுக்குக் கம்பி) உள்ள யாகி ஆன்டெனா வாங்கலாமா, மூன்று போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று எலிமெண்ட் உள்ளதையே வாங்குங்கள்.

நம் ஊர் மொட்டை மாடிகளில் டிவிக்காக நின்ற ஆன்டெனாவும் யாகிதான், நீட்டிய திசையிலிருந்து வரும் சிக்னலை அதிகமாகப் பிடிக்கும். எலிமெண்ட் கூடினால் தூரத்துச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், ஆனால் நீளமும் கூடும். 433-இல் ஒரு கம்பி சுமார் 33 செ.மீ.தான், மூன்று எலிமெண்ட் என்றால் முதுகுப்பையில் அடங்கிவிடும். 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் கம்பி ஒரு மீட்டர் வந்துவிடும். அதற்கு எஃகு இன்ச் டேப்பை வெட்டிச் செய்த யாகி நல்லது, புதரில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துகொள்ளும்.

தூரத்தில் திசை பிடிப்பது பெரிய பாடில்லை. கடைசி நூறு மீட்டர்தான் பாடாய்ப் படுத்தும். நான் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ராக்கெட் விடுகிறேன். ஒருமுறை பெரிய பேராசூட் உச்சியிலேயே விரிந்து, காற்று அதை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆன்டெனா காட்டிய வழியே போனேன். ஓரிடத்துக்கு அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ரிசீவரில் சிக்னல் அளவைக் காட்டும் மீட்டர் முழுதாக நின்றது. ஒரு மணி நேரம் சுற்றினேன். நான் இரண்டு முறை கடந்துபோன புதருக்குப் பின்னால்தான் ராக்கெட் கிடந்தது.

கிட்டே போனால் சிக்னல் ரிசீவரைத் திணறடித்துவிடும். அதனால் ஆன்டெனாவோடு, சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் ஓர் அட்டெனுவேட்டரும் வாங்குங்கள். அது இல்லையென்றால் ரிசீவரின் அலைவரிசையை 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேளுங்கள். இன்னும் கிட்டே வந்ததும் ஆன்டெனாவைக் கழற்றி, ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். சிக்னல் மிகவும் மங்கும்போது ராக்கெட் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது.

வாங்கும்போது ஆன்டெனாவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ராக்கெட் பெரும்பாலும் படுத்துத்தான் கிடக்கும். யாகியைச் செங்குத்தாகவே பிடித்தால் சிக்னல் பெரிதும் குறையும். மணிக்கட்டைத் திருப்பினால் ஆன்டெனாவும் படுக்கைவாட்டில் வர வேண்டும். பின்முனையில் பிடியுள்ளது இதற்கு வசதி.

ராக்கெட் இறங்கும்போதே திசைகாட்டியில் திசையைக் குறித்துவிடுங்கள், தரையைத் தொட்டதும் சிக்னல் சட்டென்று விழும். அப்புறம், ராக்கெட்டின் உடல் கார்பன் ஃபைபர் என்றால் டிராக்கரை அதற்குள் வைக்காதீர்கள். சிக்னலே வெளியே வராது. ஃபைபர் கிளாஸோ பிளாஸ்டிக்கோ ஆன மூக்குக்கூம்பில் வையுங்கள்.