விலை கடையில் இருக்கட்டும், கூடையில் வேண்டாம்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில், கன்சோலில் (எழுத்து மட்டும் தெரியும் திரையில்) ஓடும் ஷாப்பிங் கார்ட் ஒன்று, அதாவது பொருட்களைக் கூடையில் சேர்த்து பில் போடும் புரோகிராம், எழுதுகிறேன். 40 ரூபாய் சோப்பு 3 வாங்கினால் 120 வராமல் வரி முழுக்க 3333 என்று ஓடுகிறது. அதே சோப்பை மறுபடி சேர்த்தால் பில்லில் இரண்டு வரியாக வருகிறது. வேண்டாத பொருட்களை லூப் போட்டு (ஒவ்வொன்றாக வரிசையில் பார்க்கச் சொல்லி) நீக்கினால் ஒன்றிரண்டு தப்பித்துவிடுகின்றன. எங்கே தவறு?

பதில்: அந்த மூன்றுகளைப் பொறுமையாக எண்ணிப் பாருங்கள், சரியாக 40 இருக்கும். தட்டுவதை வாங்கும் இன்புட் ஃபங்ஷன் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான் (எழுத்துத் தொடராக) கொடுக்கும், நீங்கள் 3 என்று தட்டினாலும் பைத்தானுக்கு அது எண் இல்லை, ஓர் எழுத்து. ஸ்ட்ரிங்கை 40ஆல் பெருக்கு என்றால் அதை 40 தடவை ஒட்டி எழுதிவிடும். எரர் வராது, அதுதான் எரிச்சல். வாங்கிய கையோடு இன்ட் ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்குங்கள்.

அப்படிப் போட்டதும் இன்னொன்று முளைக்கும். யாராவது 'மூணு' என்று தட்டினால் வேல்யூ எரர் வந்து புரோகிராம் நின்றுவிடும், அதனால் ட்ரை, எக்செப்ட் (எரர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கட்டளைகள்) வைத்துப் பிடித்து மறுபடி கேட்க வேண்டும். கூடவே எண்ணிக்கை 1க்குக் குறைவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் -3 சோப்பு வாங்குபவருக்குக் கடைக்காரர் 120 ரூபாய் தர வேண்டியிருக்கும்! (தமிழ் எண் ௩ தட்டினால்? இன்ட் அதை 3 என்றே எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் 0 முதல் 9 வரையிலான தசம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எல்லா மொழி எழுத்துகளும் அதற்குத் தெரியும்.)

மற்ற இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். பெயர், விலை, எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு லிஸ்டில் அடுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோர் அப்படித்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். மளிகைக் கடையில் விலை எங்கே இருக்கும்? அலமாரியிலோ கடைக்காரர் மண்டையிலோ இருக்கும், உங்கள் கூடையில் இருப்பது பொருள் மட்டும்தான். அதையே செய்யுங்கள், இரண்டு டிக்ஷனரி (ஒரு கீக்கு எதிரே ஒரு மதிப்பை வைக்கும் பட்டியல்) போதும். 'கடை' என்பதில் பொருள் எண்ணுக்கு (ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் வைக்கும் அடையாள எண்) எதிரே பெயரும் விலையும். 'கூடை' என்பதில் பொருள் எண்ணுக்கு எதிரே எத்தனை என்பது மட்டும்.

டிக்ஷனரியில் ஒரு கீ ஒரு தடவைதான் இருக்க முடியும், ஆகவே சோப்பு இரண்டு வரியாக வர வழியே இல்லை. சேர்க்கும்போது கெட் மெத்தடால் பழைய எண்ணிக்கையைக் கேளுங்கள், இல்லையென்றால் 0 தரச் சொல்லுங்கள், புதியதைக் கூட்டி அதே இடத்தில் வையுங்கள். ஒரே வரியில் முடிகிற வேலை. பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி சேர்த்த வரிசையை மாற்றாது, பில்லிலும் அதே வரிசையில் வரும்.

நீக்குவதில் என்ன ஆனது தெரியுமா? ரேஷன் கடை வரிசையில் மூன்றாவது ஆள் விலகினால் நான்காவது ஆள் ஒரு அடி முன்னால் வந்து மூன்றாவது ஆகிவிடுவார். உங்கள் லூப்போ மூன்றாவது இடத்தைப் பார்த்தாயிற்று என்று நான்காவதுக்குப் போய்விடுகிறது, நகர்ந்து வந்தவரை யாரும் பார்க்கவில்லை. டிக்ஷனரிக்கு மாறினால் இந்த லூப்பே வேண்டாம், பொருள் எண்ணைக் கொடுத்து பாப் மெத்தடால் எடுத்துவிட்டால் போதும். லூப்புக்குள்ளேயே நீக்கித்தான் தீருவேன் என்றால் டிக்ஷனரி ரன்டைம் எரர் கொடுத்துத் திட்டும், லிஸ்ட் மாதிரி சத்தமில்லாமல் ஏமாற்றாது.

இதெல்லாம் சரியானதும் 'மொத்தம்' என்று ஒரு வேரியபிள் வைத்து, சேர்க்கும்போது கூட்டி, நீக்கும்போது கழிக்கலாம் என்று கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். என்றாவது ஓரிடத்தில் கழிக்க மறப்பீர்கள், கூடை ஒன்று சொல்லும், மொத்தம் வேறொன்று சொல்லும். பில் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கூடையை முதலிலிருந்து கூட்டுங்கள். பத்து பொருளைக் கூட்டக் கணினிக்கு வலிக்காது.

விலையில் பைசா வந்தால் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) வேண்டாம். 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். அந்தச் சின்னப் பின்னங்களை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. 40 ரூபாய் 50 பைசாவை 4050 பைசா என்று முழு எண்ணாகவே வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் 100ஆல் வகுத்து ரூபாய், மீதிப் பைசா என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீதியை இரண்டு இலக்கமாகக் காட்ட மறந்தால் 40 ரூபாய் 5 பைசா 40.5 என்று தெரியும், வாங்குபவர் 50 பைசா என்று படிப்பார்.

அப்புறம், மெனுவைக் கடைசியில் எழுதுங்கள். '1 சேர், 2 நீக்கு, 3 பில்' என்று அலங்காரமாகத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு சோதனைக்கும் பத்து தடவை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சேர்க்க, நீக்க, மொத்தம் சொல்ல மூன்று ஃபங்ஷன்கள் எழுதுங்கள், இன்புட் எதுவும் இல்லாமல். கீழே நேரடியாக சோப்பு 3 சேர், மறுபடி 2 சேர், மொத்தம் காட்டு என்று எழுதி ஓட்டுங்கள், 200 வர வேண்டும். அடுத்து காலிக் கூடைக்கு மொத்தம் கேளுங்கள். 0 வந்தால், கடையில் இல்லாத பொருள் எண் ஒன்றைச் சேர்த்துவிட்டு மொத்தம் கேட்டுப் பாருங்கள். கீ எரர் வந்து நின்றால், சேர்க்கும் ஃபங்ஷனில் 'இது கடையில் இருக்கிறதா' என்று பார்க்கும் இஃப் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.