முகமூடி கழன்று வரவில்லை என்றால்?

கேள்வி: அக்கா, என் மகள் படிவம் ஒன்றில் படிக்கிறாள். இருட்டிவிட்டால் சமையலறைக்குப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற பிள்ளை, இப்போது ‘கூஸ்பம்ப்ஸ்’ என்ற பழைய ஆங்கிலப் பேய்த் தொடரில் முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கதையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். முகத்தில் பரு வந்ததிலிருந்து போட்டோ எடுக்க விடுவதில்லை, மாஸ்க் இல்லாமல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். பேய்ப் படம் பார்த்துத்தான் இப்படி ஆகிவிட்டாளா? நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. ஆர்.எல். ஸ்டைன் எழுதிய கதை அது, தொலைக்காட்சியில் 1995-இல் வந்தது. கார்லி பெத் என்ற பெண் எதற்கெடுத்தாலும் பயப்படுவாள், பள்ளியில் பையன்கள் அவள் சாண்ட்விச்சில் புழுவை வைத்துக் கேலி செய்வார்கள். எல்லாரும் தன்னைப் பார்த்து நடுங்க வேண்டும் என்று அவளே தேடிப்போய் ஒரு கோரமான முகமூடியை எடுத்து மாட்டுகிறாள். கொஞ்ச நேரம் ஜாலியாகத்தான் இருக்கிறது. அப்புறம் கழற்றலாம் என்று கழுத்தில் அது முடியும் இடத்தை விரலால் தடவித் தேடுகிறாள். விளிம்பே இல்லை. எல்லாம் அவள் தோல். பரு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயம் அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது, தொடர் அதற்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த முகமூடியைக் கழற்றுவதற்கு அன்பின் அடையாளம் ஒன்று வேண்டும் என்பது கதை. கார்லி பெத்தின் அம்மா, மகளின் முகத்தைப் பார்த்து ஆசையாகச் செய்து வைத்த பிளாஸ்டர் தலைச் சிலைதான் கடைசியில் அவளைக் காப்பாற்றுகிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பருவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். “இவ்வளவு முகமூடி இருக்கும்போது இந்தப் பொண்ணு ஏன் இதை எடுத்தா?” என்று கேளுங்கள் போதும். அவள் சொல்வதில் பாதி தன்னைப் பற்றியதாக இருக்கும், உடனே “உனக்கும் அப்படித்தானா?” என்று பிடித்துக்கொண்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. வீட்டுக்கு வரும் பெரியம்மாவோ அத்தையோ “என்னம்மா கறுத்துட்டே, முகமெல்லாம் என்ன இது?” என்று ஆரம்பித்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள், மகள் காதில் விழும்படி. பாசமாகச் சொல்வதுதான், ஆனால் அந்தப் பிள்ளை இரவு கண்ணாடி முன் நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். யார் பேச்சையும் கேட்டுப் பசார் மாலாமில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்கிவிடவும் வேண்டாம். பாதரசம் கலந்திருக்கிறது என்று நம் சுகாதார அமைச்சு தடை செய்த கிரீம்கள் எத்தனையோ. பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும், பரு வரும். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க மாஸ்க் போட்டால் வியர்வையில் இன்னும் கூடும், இதைக் கிளினிக்கில் டாக்டர் சொன்னால் கேட்பாள். நீங்களாக மாஸ்க்கைப் பிடுங்காதீர்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அதைக் கழற்றக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமலே வருகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியென்றால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: ‘வெட்னஸ்டே’ என்ற ஆங்கிலத் தொடரில் ஓநாய்மனிதர் குடும்பத்துப் பெண் எனிட், ஓநாயாக மாற முடியாமல் தவிப்பாளே, எனக்கும் அப்படித்தான். வயது பதினான்கு, வகுப்பில் எனக்கு மட்டும் இன்னும் குரல் உடையவில்லை.
– ஒரு மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, 2022-இல் வந்த முதல் பருவத்தைத்தானே சொல்கிறாய்? எனிட்டுக்கு நகம் மட்டும் வரும், அவள் அம்மா முகாமுக்கு அனுப்பிச் சரிசெய்யலாம் என்று நச்சரிப்பார். கடைசி அத்தியாயத்தில் அவள் மாறிவிடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. மாறாமலே இருந்திருந்தாலும் அவள் கதாநாயகி வெட்னஸ்டேவுக்கு நல்ல தோழிதான். உன் விஷயத்துக்கு வருவோம். பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலும் தொடங்கலாம், 14 வயதிலும் தொடங்கலாம், குரல் உடைவது அதற்கும் பிறகு. அப்பாவுக்கோ மாமாவுக்கோ தாமதமாக வந்திருந்தால் உனக்கும் அப்படி வரலாம், கேட்டுப்பார். உடம்பில் எந்த மாற்றமுமே இதுவரை தொடங்கவில்லை என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போ. டாக்டர்கள் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது, கூச்சப்படாமல் சொல்.